மலை இல்லாத இடத்தில் மலை

மேற்கு ஜாவாவில் இருக்கிறது சலக் மலை. 2012 மே 9 அன்று ஜகார்த்தாவின் ஹாலிம் விமான நிலையத்திலிருந்து கிளம்பிய சுகோய் சூப்பர்ஜெட் ஒன்று, மேகம் மூடிக் கிடந்த அந்த மலையின் செங்குத்துச் சரிவில் மோதியது. விமானம் வாங்கக்கூடியவர்களை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்ப வேண்டிய பயணம். உள்ளே இருந்த 45 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. ஓட்டியவர் கற்றுக்குட்டி இல்லை, அந்த நிறுவனத்தின் தலைமைச் சோதனை விமானி. 2008இல் இந்த ரக விமானம் முதன்முதலாக வானேறியபோது அதை ஓட்டியவரும் அவரே.

மோதுவதற்கு 38 விநாடிகளுக்கு முன்பே காக்பிட்டில் எச்சரிக்கை ஒலித்துவிட்டது என்கிறது இந்தோனேசிய விசாரணை அறிக்கை. முன்னால் நிலம், மேலே இழு என்று முதலில் ஒரு குரல். அடுத்து, நிலத்தைத் தவிர் என்று ஆறு முறை. விமானி அந்தக் கருவியை அணைத்தார். தரவுத்தளத்தில் ஏதோ கோளாறு என்று எடுத்துக்கொண்டார். மோதுவதற்கு 7 விநாடிகள் இருக்கும்போது வேறொரு எச்சரிக்கை வந்தது. சக்கரங்கள் இறக்கப்படவில்லை என்றது அது. நிலம் அவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டதால், விமானம் தரையிறங்கப்போகிறது என்று புரிந்துகொண்ட இன்னொரு கருவி தன் கடமையைச் செய்தது. அந்தக் கணங்களைப் பிறகு சிமுலேட்டரில் ஓட்டிப் பார்த்தார்கள். முதல் குரல் கேட்டு 24 விநாடிகள் கழித்து மேலே இழுத்திருந்தால்கூட விமானம் தப்பியிருக்கும் என்று தெரிந்தது.

அந்த மனிதரை அலட்சியக்காரர் என்று சொல்லிவிட்டுக் கடந்துபோக என்னால் முடியவில்லை. எந்தக் கருவி எப்போது பிசகும் என்று கண்டுபிடிப்பதுதான் சோதனை விமானியின் பிழைப்பே. விமானம் புதிது, ஊர் புதிது. கருவிக்குள் இருக்கும் நிலப்படம் இந்த ஊருக்குச் சரியாக இருக்கும் என்று என்ன நிச்சயம்? அந்தப் பக்கம் மலைகள் இருப்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. வெளியே வெறும் வெண்மை. தெரியாத மலைக்கும் தெரிந்த கோளாறுக்கும் நடுவே அவர் தெரிந்ததைத் தேர்ந்தெடுத்தார். அனுபவம் என்று நாம் மதிப்பது பெரும்பாலும் இப்படித்தான் வேலை செய்கிறது. பறக்கத் தொடங்கிச் சில மாதங்களே ஆன ஓர் இளைஞர் அந்த இருக்கையில் இருந்திருந்தால், பயந்துபோய் மேலே இழுத்திருக்கக்கூடும்.

பொய் எச்சரிக்கைகள் வரத்தான் செய்கின்றன. அவை எப்படி வருகின்றன என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். விமானத்தின் வயிற்றுப் பகுதியில் ரேடியோ ஆல்டிமீட்டர் என்றொரு கருவி இருக்கிறது. நேர்கீழே அலையை அனுப்பி, தரையில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்து உயரத்தைச் சொல்லும். ஏறத்தாழ 2,500 அடிக்குக் கீழே வந்த பிறகுதான் இது உயரத்தைக் காட்டும். ஓடுதளத்துக்கு வரும் வழியில் ஒரு குன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விமானம் வரைபடத்தில் போட்டபடியே மூன்று டிகிரிச் சரிவில் இறங்கிக்கொண்டிருக்கிறது. அதே நேரத்தில் கீழே குன்றின் முதுகு ஏறிக்கொண்டிருக்கிறது. இறக்கமும் ஏற்றமும் சேர்ந்து, தரை பாய்ந்து வருகிறது என்று கருவிக்குப் படுகிறது. 'டெரெய்ன், டெரெய்ன்' என்கிறது. குன்று தாண்டியதும் உயரம் சட்டென்று கூடிவிடுகிறது, குரல் நின்றுவிடுகிறது. அந்த ஊருக்கு வாரம் ஒருமுறை வந்துபோகும் விமானிக்கு அது எங்கே கத்தும், எங்கே அடங்கும் என்பது மனப்பாடம். சில சமயம் நேர்கீழே குறுக்காகப் போகும் இன்னொரு விமானத்தின் முதுகில் பட்டு அலை திரும்பிவிடும். அப்போது, மலை இல்லாத இடத்தில் கணநேரம் ஒரு மலை முளைக்கும்.

பிற்காலக் கருவிகள் உலகத்தின் மேடுபள்ளங்களையும் ஓடுதளங்களையும் நினைவில் வைத்திருப்பவை. பட்டியலில் இல்லாத ஓடுதளத்தை நோக்கி இறங்கினால், வெட்டவெளியில் மோதப்போகிறோம் என்றே அவை நினைக்கும். 2010 ஏப்ரல் 10 அன்று ஸ்மோலென்ஸ்கில் போலந்து அதிபர் உட்பட 96 பேர் இறந்த விபத்தில் அப்படித்தான் ஆனது. அந்த விமானத்தளம் கருவியின் பட்டியலில் இல்லை. சரியாக இறங்கியிருந்தாலும் அது கத்தியிருக்கும். மூடுபனியில் தவறாக இறங்கிய அன்றும் அதே குரலில்தான் கத்தியது. எது எந்தக் கத்தல் என்று காதால் பிரித்தறிய வழியே இல்லை.

'புலி வருது' கதை எல்லோருக்கும் நினைவுக்கு வரும். எனக்கு அந்தக் கதையில் ஒரு குறை உண்டு. அது புத்தி சொல்வதெல்லாம் கூவுகிற பையனுக்குத்தான். இரண்டு முறை ஓடி வந்து ஏமாந்த ஊர்க்காரர்கள் மூன்றாம் முறை என்ன செய்திருக்க வேண்டும் என்று அது கேட்பதில்லை. காக்பிட்டில் முழுக் கேள்வியும் ஊர்க்காரர்களைப் பற்றியது. கூவும் கருவிக்கு விளையாட்டுப் புத்தி கிடையாது. தனக்கு எட்டிய ஒன்றிரண்டு அளவுகளை வைத்துக்கொண்டு, தெரிந்ததைச் சொல்கிறது.

இந்தக் கருவி எப்படி வந்தது என்று பார்த்தால், இன்றைய தொந்தரவுகளெல்லாம் எதற்குக் கொடுத்த விலை என்பது புரியும். 1974 டிசம்பர் 1 அன்று வாஷிங்டனின் டல்லஸ் விமான நிலையத்தை நோக்கி இறங்கிய டி.டபிள்யூ.ஏ. 514 விமானம் மவுண்ட் வெதர் என்ற மலைச்சரிவில் மோதி 92 பேர் இறந்தார்கள். மூன்றே நாளில், டிசம்பர் 4 அன்று, சுரபயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களோடு கொழும்பு வழியாகப் போக வேண்டிய மார்ட்டினேர் விமானம், இலங்கையின் மலையகத்தில் நோட்டன் பிரிட்ஜ் அருகே ஏழு கன்னியர் மலையில் மோதியது. 191 பேர். கட்டுநாயக்க விமான நிலையம் இன்னும் வெகுதூரம் இருக்கும்போதே, நெருங்கிவிட்டோம் என்று எண்ணி இறங்கியிருந்தார்கள். இரண்டு விமானங்களிலும் எஞ்சின் பழுதில்லை, இறக்கை பழுதில்லை. எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த விமானங்கள், முழுக் கட்டுப்பாட்டில், நேராகப் போய் மலையில் முட்டின. அக்காலத்தில் விமானப் பயணிகளை அதிகம் கொன்றது இந்த வகை விபத்துதான். அந்த டிசம்பரிலேயே அமெரிக்கா, பெரிய பயணிகள் விமானங்கள் எல்லாவற்றிலும் 1975 முடிவதற்குள் தரை நெருக்க எச்சரிக்கைக் கருவி இருந்தாக வேண்டும் என்று ஆணையிட்டது.

கருவி தயாராக இருந்ததற்குக் காரணம் டான் பேட்மன். கனடாவின் சாஸ்கட்டூனில் பிறந்து, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் வாழ்நாளெல்லாம் இந்த ஒரே பிரச்சினையோடு மல்லுக்கட்டிய பொறியாளர். 2023இல் காலமானார். இத்தனை உயிர்களைக் காத்த ஒருவரின் பெயர் நம் பாடப்புத்தகம் எதிலும் இல்லாதது எனக்கு உண்மையிலேயே வருத்தம். அவருடைய முதல் கருவிக்குக் கீழே மட்டும்தான் தெரியும், முன்னால் தெரியாது. 1979 நவம்பர் 28 அன்று அண்டார்க்டிகாவின் எரெபஸ் மலையில் ஏர் நியூசிலாந்து டி.சி.-10 மோதியபோது, கருவி ஏறத்தாழ 6 விநாடிகளுக்கு முன்னால் ஒலித்தது. கேப்டன் பதறாமல் எஞ்சின் விசையைக் கூட்டச் சொன்னார். சொல்லி முடிக்க நேரம் இருந்தது, ஏற நேரம் இல்லை. 257 பேர்.

முன்னாலும் பார்க்க வேண்டுமென்றால் உலகத்தின் நிலப்படம் கைவசம் வேண்டும். சோவியத் ஒன்றியம் உடைந்தபோது அதன் இராணுவம் சேர்த்து வைத்திருந்த நிலப்படங்கள் விலைக்கு வந்தன. பேட்மனின் குழு அவற்றை வாங்கியது. ஜி.பி.எஸ். சொல்லும் இடத்தையும் இந்தப் படத்தையும் பொருத்தி, ஏறக்குறைய ஒரு நிமிடத்துக்கு முன்பே எச்சரிக்கும் புதிய கருவி 1996இல் வந்தது. காக்பிட் திரையில் மலைகள் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று தெரியத் தொடங்கின. வீண் கூச்சலும் பெருமளவு குறைந்தது. எந்த விமான நிலையத்தில் எந்தக் குன்று தொந்தரவு கொடுக்கும் என்பதை இடம் அறிந்து அனுசரித்துக்கொள்ளவும் அந்தக் கருவியால் முடிந்தது.

ஆனால் கருவி மேம்படும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாதவர்கள் வேறு வழியைக் கையாண்டார்கள். வாயை அடைத்தார்கள்.

பிரான்சின் உள்நாட்டு நிறுவனமாக இருந்த ஏர் இன்டர், தன் ஏ320 விமானங்களில் இந்தக் கருவியைப் பொருத்தவே இல்லை. அதன் விமானங்கள் தாழ்வான உயரத்திலும் வேகமாகப் பறந்து நேரத்தை மிச்சம்பிடிப்பவை. அப்படிப் பறந்தால் கருவி ஓயாமல் வீணுக்குக் கத்தும் என்பது நிறுவனத்தின் வாதம். அன்றைய பிரெஞ்சு விதிகளும் கட்டாயப்படுத்தவில்லை. 1992 ஜனவரி 20 இரவு, ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் இறங்க வந்த விமானத்தில் 3.3 டிகிரி இறக்கம் என்று வைப்பதற்குப் பதிலாக நிமிடத்துக்கு 3,300 அடி இறக்கம் என்று அமைந்துவிட்டது. இரண்டுக்கும் ஒரே குமிழ், திரையில் கிட்டத்தட்ட ஒரே மாதிரியான எண். இருட்டிலும் மேகத்திலும் சாந்த் ஓடில் மலையில் மோதும்வரை யாரும் எதுவும் சொல்லவில்லை, சொல்லக்கூடிய ஒன்றை முன்கூட்டியே வேண்டாம் என்று ஒதுக்கியிருந்தார்கள். பனிக்குளிரில் மணிக்கணக்காகக் கிடந்து, 96 பேரில் 9 பேர் பிழைத்தார்கள்.

அமெரிக்கத் தீவான குவாமில் நடந்தது இதைவிட என்னை உலுக்குகிறது. அங்கே வாயடைக்கப்பட்டது தரையில் இருந்த கணினி. விமானம் ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்தால் ரேடார் கட்டுப்பாட்டாளருக்கு ஒலியெழுப்பிச் சொல்லும் ஏற்பாடு அது. குவாமில் அது அடிக்கடி வீணாக ஒலித்தது. அதைத் தவிர்க்க, 54 கடல் மைல் ஆரத்துக்குள் அது பேசவே கூடாது என்று மென்பொருளில் எழுதிவிட்டார்கள். அதன் எல்லையே 55 மைல்தான். மிஞ்சியது ஒரு மைல் அகலமுள்ள ஒரு வளையம், அதுவும் கடலின் மேலே. அந்த வளையத்துக்குள் மலை ஏது?

1997 ஆகஸ்ட் 6, விடியாத அதிகாலை, மழை. கொரியன் ஏர் 801 குவாமில் இறங்க வந்தது. சறுக்குப் பாதையைக் காட்டும் கிளைட்ஸ்லோப் சமிக்ஞை பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருந்தது. அது வேலை செய்கிறதா இல்லையா என்பதில் கேப்டனுக்குக் குழப்பம். தூரத்தைக் காட்டும் வழிகாட்டி நிலையமோ விமான நிலையத்தில் இல்லாமல், மூன்று மைலுக்கும் மேல் தள்ளி நிமிட்ஸ் குன்றின்மீது இருந்தது. ஓடுதளம் தெரியவில்லை. காக்பிட்டில் உயரங்களை எண்ணிச் சொல்லும் குரல் கேட்டது, இறங்கும் வேகம் அதிகம் என்ற எச்சரிக்கையும் வந்தது. திரும்பி ஏறிவிடலாம் என்று துணை விமானி சொன்னபோது மிச்சமிருந்தது கடைசிச் சில விநாடிகள். நிமிட்ஸ் குன்றில் இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தரைக் கணினியை ஊமையாக்காமல் இருந்திருந்தால் மோதுவதற்கு 64 விநாடிகளுக்கு முன்பே கட்டுப்பாட்டாளருக்கு எச்சரிக்கை போயிருக்கும் என்று அமெரிக்க விசாரணை வாரியம் கணக்கிட்டது. வேண்டுமென்றே அதை முடக்கி வைத்ததை விபத்துக்குத் துணைபோன காரணங்களில் ஒன்றாக எழுதியும் வைத்தது.

சலக் மலையில் கருவியை அணைத்த கைக்காவது 38 விநாடி நெருக்கடி இருந்தது. குவாம் கணினியில் அந்த 54ஐத் தட்டச்சு செய்த கைக்கு என்ன அவசரம்? வெளிச்சமான அலுவலகம், நிறைய நேரம், கையெழுத்திட மேலதிகாரிகள். தொந்தரவு குறைந்தது என்று எல்லோருக்கும் நிம்மதி. விபத்து நடந்தபின் விமானியின் ஒவ்வொரு சொல்லும் கறுப்புப் பெட்டியிலிருந்து வெளியே வருகிறது, உலகமெல்லாம் கேட்கிறது. அலுவலகத்தில் பேசியதைப் பதிவு செய்ய எந்தப் பெட்டியும் இல்லை. அதனால்தான் 'விமானியின் தவறு' என்ற தலைப்பு நமக்கு அவ்வளவு சுலபமாகக் கிடைக்கிறது என்று நினைக்கிறேன்.

ஓர் எச்சரிக்கை பொய் என்பது எப்போது தெரியவருகிறது? எப்போதும் பிறகுதான். உயிரோடு தரையிறங்கி, காகிதத்தில் குறிப்பெழுதி, பொறியாளர் கருவியைத் திறந்து பார்த்த பிறகு. ஒலிக்கும் அந்தக் கணத்தில் அது பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை. விமான நிறுவனங்களின் விதி இதைச் சரியாகப் புரிந்துகொண்டு எழுதப்பட்டிருக்கிறது. பட்டப்பகல், தெளிந்த வானம், எதிரே தடை ஏதுமில்லை என்று கண்ணால் உறுதி செய்தாகிவிட்டது என்றால், தொடர்ந்து இறங்கலாம். இரவு என்றாலோ மேகம் என்றாலோ யோசனைக்கே இடமில்லை. தானியங்கியைத் துண்டி, முழு விசை கொடு, இறக்கைகளைச் சமன்செய், மூக்கைத் தூக்கு. ஏன் ஒலித்தது என்ற ஆராய்ச்சியெல்லாம் மேலே போன பிறகு. படித்தவர்களுக்கு இது எளிதில் வருவதில்லை. புரிந்துகொண்ட பின் செய் என்றுதான் நம்மைப் பழக்கியிருக்கிறார்கள். இங்கே, செய், உயிரோடிருந்தால் புரிந்துகொள் என்கிறது விதி.

2010 மே 22 அன்று மங்களூரில் 158 பேர் இறந்த விபத்திலும் அந்தக் குரல் ஒலித்தது. இறங்கும் வேகம் அதிகம் என்றது, மேலே இழு என்றது, திரும்பத் திரும்ப. அங்கே ஒலித்ததில் ஒன்றுகூடப் பொய் இல்லை. துணை விமானியும் திரும்பிப் போகலாம் என்று மூன்று முறை சொன்னார். இயந்திரக் குரலும் மனிதக் குரலும் ஒரே விதியை அடைந்தன.

பொய் என்று நிரூபணமான எச்சரிக்கையைக்கூட அப்படியே தள்ளிவிட முடியாது என்பதற்கு ஆம்ஸ்டர்டாமில் நடந்தது சாட்சி. 2009 பிப்ரவரி 25 அன்று இறங்க வந்த டர்கிஷ் ஏர்லைன்ஸ் விமானத்தில், வானத்தில் இருக்கும்போதே சக்கரம் இறக்கவில்லை என்ற எச்சரிக்கை திரும்பத் திரும்பக் கேட்டது. இடப்பக்க ரேடியோ ஆல்டிமீட்டர் உயரத்தை மைனஸ் 8 அடி என்று காட்டிக்கொண்டிருந்தது. கருவிதான் பழுது என்று விமானிகள் கண்டுகொண்டார்கள், சரியாகவே. ஆனால் எஞ்சின் விசையைத் தானாகக் கட்டுப்படுத்தும் அமைப்பும் அதே மைனஸ் 8ஐத்தான் படித்துக்கொண்டிருந்தது. தரை வந்துவிட்டது என்று நம்பி அது விசையைக் குறைத்தது. வேகம் வடிந்து விமானம் வயலில் விழுந்தது. 9 பேர் இறந்தார்கள். எச்சரிக்கை சொன்ன செய்தி தவறு, ஏதோ சரியில்லை என்று அது சொன்னது மட்டும் சரி.

இதுவரை சொன்னவற்றில் கருவி தவறிய இடங்களில் எல்லாம், அது தன் அறியாமையாலோ பழுதாலோதான் தவறியது. 2023 இலையுதிர்காலத்திலிருந்து வேறொன்று தொடங்கியிருக்கிறது. ஈராக், கிழக்கு மத்தியதரைக்கடல் வானில், டிரோன்களையும் ஏவுகணைகளையும் திசைதிருப்புவதற்காகப் போலி ஜி.பி.எஸ். சமிக்ஞைகளைப் பரப்புகிறார்கள். குறுக்கே போகும் பயணிகள் விமானம் அதை நம்பி, தான் வேறெங்கோ இருப்பதாக நினைத்துக்கொள்கிறது. முப்பதாயிரம் அடிக்கு மேலே, நட்சத்திரங்களுக்கு நடுவே, 'புல் அப்' என்று கத்துகிறது. அந்தப் பகுதியைத் தாண்டிய பிறகும் கலங்கிய கருவி தெளியாமலே, பல மணி நேரம் கழித்துப் போய்ச் சேரும் ஊரில் இறங்கும்போதும் கத்தியிருக்கிறது. நமக்கும் இது தூரத்துச் செய்தி இல்லை. 2023 நவம்பரிலிருந்து 2025 பிப்ரவரி வரை அமிர்தசரஸ், ஜம்மு பகுதிகளில் 465 முறை இத்தகைய குறுக்கீடு பதிவானதாக ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. 2025 நவம்பரில் டெல்லியில் ஜி.பி.எஸ். துணையோடு இறங்க வந்த விமானங்களே சிக்கின. புகார் வந்த நிலையங்களின் பட்டியலில் சென்னையும் இருக்கிறது.

எதையும் யோசிக்காமல் கீழ்ப்படி என்று முப்பது, நாற்பது ஆண்டுகளாகச் சொல்லிச் சொல்லி, எத்தனையோ உயிர்களைக் கொடுத்து, விமானிகளின் கைகளில் ஏற்றிய பழக்கம் அது. இப்போது அதே விமானிகளிடம், இந்த வானப்பகுதியில் நிலப்பட எச்சரிக்கையை அணைத்து வைத்துக்கொள்ளலாம் என்று நிறுவனங்களே சொல்ல வேண்டியிருக்கிறது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. உயரத்தில் பறக்கும் விமானத்தைக் காரணமின்றி வெடுக்கென்று தூக்குவதும் ஆபத்துதான்.

அதற்கென்று காக்பிட்டில் ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் நிலப்படத்தை வைத்துப் பேசும் பகுதி மட்டும் அடங்கும். ரேடியோ அலையை நேர்கீழே அனுப்பும் பழைய பகுதி தொடர்ந்து வேலை செய்யும். பேட்மன் எழுபதுகளில் செய்தது அதுதான், எரெபஸில் 6 விநாடி கொடுத்ததும் அதுதான். ஆக, போலிச் சமிக்ஞை பரப்புகிறவர்கள், தங்கள் சண்டைக்குச் சம்பந்தமே இல்லாத பயணிகளை ஒரு நிமிட எச்சரிக்கையிலிருந்து 1979க்குத் திருப்பி அனுப்புகிறார்கள். சுட்டு வீழ்த்தினால் போர்க்குற்றம் என்று பேச நமக்குச் சொற்கள் இருக்கின்றன. இதை மட்டும் 'குறுக்கீடு' என்று எழுதி, எண்ணிக்கை போட்டு, அவையில் தாக்கல் செய்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறோம்.